இரவு விஷுவல் அப்ரோச்சில் தரை எங்கே இருக்கிறது?

மேகமில்லாத இரவு. முப்பது மைல் தள்ளியே ரன்வே விளக்குகள் தெரிகின்றன. "ஃபீல்டு (விமானநிலையம்) தெரிகிறதா?" என்று ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்) கேட்கிறார், "தெரிகிறது" என்று பதில் போகிறது, "விஷுவல் அப்ரோச்சுக்கு அனுமதி" என்று வருகிறது, அதாவது வெளியே கண்ணால் பார்த்தே ரன்வேயை நோக்கி இறங்கலாம். காக்பிட்டில் இருப்பவர்களுக்கு வேலை குறைந்த மாதிரி தோன்றும் நேரம் இது. உண்மையில் அந்தக் கணத்தில்தான் பெரிய பொறுப்பு ஒன்று கை மாறுகிறது. அதுவரை ரேடார் வெக்டரிங்கில் (கட்டுப்பாட்டாளர் ரேடாரைப் பார்த்துத் திசை சொல்லி வழிநடத்துவது) இருந்த விமானத்துக்கு, கட்டுப்பாட்டாளர் தன் திரையில் இருக்கும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்க அனுமதி தரமாட்டார். விஷுவல் அப்ரோச்சை ஏற்றுக்கொண்டபின் மலைக்கும் விமானத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி விமானியின் கணக்கு.

பகலில் இதில் சிக்கல் அதிகமில்லை. ரன்வே தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால் மலையும் தெரியும். இரவில் ரன்வேக்கு விளக்கு உண்டு, மலைக்குக் கிடையாது. விஷுவல் அப்ரோச்சின் அடிப்படை நிபந்தனை, நிலத்தைக் கண்ணால் பார்த்தபடி இறங்க முடிய வேண்டும் என்பது. ரன்வேயை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டதாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான். கடல் மைலை இனி மைல் என்றே எழுதுகிறேன்.

கண் போடும் தப்புக் கணக்கு

பயிற்சியில் 'பிளாக் ஹோல்' (இருட்டு நிலத்துக்கு அப்பால் ரன்வே விளக்கு மட்டும் தெரியும்போது வரும் மாயை) என்ற பேச்சு வராத இடமில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எந்த மைலில் எத்தனை அடி தாழ்த்திவிடும் என்பதை எண்களாகச் சொல்பவர்கள் குறைவு. எண்களாகப் பார்த்தால்தான் அதன் வீரியம் புரியும்.

விமானத்துக்கும் ரன்வேக்கும் இடையே காடோ, கடலோ, ஆளில்லாத நிலமோ இருக்கிறது. அங்கே ஒரு விளக்கும் இல்லை. தூரத்தை அளக்கக் கண்ணுக்கு வேறு எதுவும் கிடைக்காததால், ரன்வேயின் வடிவத்தையே பிடித்துக்கொள்கிறது. ரன்வேயின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே கண்ணில் விழும் செங்குத்துக் கோணம் மாறாமல் இருந்தால் "சரியாகப் போகிறோம்" என்று மூளை முடிவு செய்கிறது. சரியான 3 டிகிரி பாதையில் அந்தக் கோணம் மாறாமல் இருக்காது, கிட்டப் போகப் போகக் கூடிக்கொண்டே வரும். அதை மாறாமல் வைத்திருக்க ஒரே வழி, பாதைக்குக் கீழே சரிவதுதான்.

10,000 அடி நீள ரன்வே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 மைலில் சரியான உயரம், அதாவது த்ரெஷோல்டுக்கு (ரன்வே தொடங்கும் முனை) மேலே 3,180 அடி. அங்கே ரன்வேயின் கோணம் 0.42 டிகிரி. இந்தக் கோணத்தை மாற்றாமலே இறங்கினால் 8 மைலில் 2,100 அடியில் இருப்போம். இருக்க வேண்டியது 2,540. 5 மைலில் 910. இருக்க வேண்டியது 1,590. 4 மைலில் 620, 3 மைலில் 380, 2 மைலில் வெறும் 200 அடி. 2 மைலில் இருக்க வேண்டிய உயரம் 640.

மூன்றாவது மைலில் ரன்வே மட்டத்தைவிட 300 அடி உயர்ந்த ஒரு குன்றும் அதன் மேல் நூறடி மரங்களும் இருந்தால், 380 அடியில் வரும் விமானம் மரத்துக்குள் போகும். காக்பிட்டில் இருப்பவருக்கு அந்த நொடி வரை காட்சி ஒழுங்காகத்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

இந்த எண்களுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. 180 நாட் (மணிக்கு 180 மைல்) தரைவேகத்தில் 10 மைலிலிருந்து 8 மைல் வரை இந்த வளைவில் வர, நிமிடத்துக்கு 1,600 அடி இறங்க வேண்டும். 3 டிகிரி பாதைக்கு அந்த வேகத்தில் தேவைப்படுவது 900-950. ஆக, முதல் எச்சரிக்கை விஎஸ்ஐ (இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) முள்ளில் வந்துவிடுகிறது: வெளியே காட்சி அசையாமல் நிற்கிறது, உள்ளே இறங்கும் வேகம் அளவுக்கு மேல். ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே அதே வளைவின் சரிவு 2.7 டிகிரி ஆகிவிடுகிறது. அப்போது விஎஸ்ஐயைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும், ஆனால் விமானம் 650 அடி தாழ்ந்திருக்கும். மூன்றாவது மைலுக்குள் சரிவு இன்னும் படுத்துவிடும். 140 நாட்டில் நிமிடத்துக்கு 430 அடி போதும் என்றாகும். ஃபைனலின் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் பகுதி) கடைசியில் ஏன் இவ்வளவு குறைவாக இறங்குகிறோம் என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: ஏற்கெனவே தாழ்ந்துவிட்டோம். அதனால் விஎஸ்ஐயை மட்டும் நம்பிப் பயனில்லை. தூரமும் உயரமும் சேர்ந்த சோதனைதான் வேண்டும்.

போயிங் நிறுவனத்தின் ஆய்வாளர் கான்ராட் கிராஃப்ட் 1960-களின் பிற்பகுதியில் இதைச் சிமுலேட்டரில் சோதித்துக் காட்டினார். ஆல்டிமீட்டர் (உயரமானி) உதவி இல்லாமல், இருட்டு நிலத்துக்கு அப்பால் தெரியும் நகர விளக்குகளை மட்டும் பார்த்து இறங்கச் சொன்னபோது, அனுபவமிக்க பயிற்றுநர் விமானிகளே பெரும்பாலும் பாதைக்கு மிகவும் கீழே வந்தார்கள். நகரம் ஒரு சரிவில் மேல்நோக்கி ஏறியிருந்தபோது இன்னும் மோசம். அந்த ஆய்வுக்குப் பின்னணியாக இருந்தவை 1965, 66-இல் நடந்த சில போயிங் 727 விபத்துகள். அவற்றில் ஒன்று 1965 நவம்பர் 8 அன்று சின்சினாட்டியில் நடந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 விஷுவல் அப்ரோச்சில் ரன்வே 18-ஐ நோக்கி வந்து, ஒஹையோ ஆற்றின் பள்ளத்தாக்கில் குன்றின் சரிவில் மோதியது. இருந்த 62 பேரில் 58 பேர் இறந்தார்கள். மோதிய இடம் ரன்வே மட்டத்துக்கும் ஏறத்தாழ 225 அடி கீழே. பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை விளக்குகள் கீழே, ரன்வே மேலே மேட்டில். இரண்டே ஆண்டில், 1967 நவம்பர் 20 அன்று, டிடபிள்யூஏ 128 அதே ரன்வேக்கு இரவில் வந்து அதே மேட்டில் விழுந்தது. 82 பேரில் 70 பேர் இறந்தார்கள். அன்று கிளைடு ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ சமிக்ஞை) இயங்கவில்லை.

இந்த மாயையைக் கூட்டும் காரணிகள் பல உண்டு, எல்லாமே ஒரே திசையில் தள்ளுபவை அல்ல. ரன்வே வழக்கத்தைவிடக் குறுகலாக இருந்தாலோ, மேல்நோக்கிச் சரிந்திருந்தாலோ, உயரமாக இருப்பதாகத் தோன்றும், விமானி தாழ்ந்து வருவார். வறண்ட தெளிந்த காற்றில் விளக்குகள் பளிச்சென்று கிட்டத்தில் இருப்பது போல் தெரியும். விண்ட்ஷீல்டில் மழை ஓடினாலும் உயரமாக இருப்பது போன்ற எண்ணம் வரும். அகலமான அல்லது கீழ்நோக்கிச் சரியும் ரன்வே எதிர்த்திசையில் தள்ளும். 45 மீட்டர் அகல ரன்வேயிலேயே தினமும் இறங்கிப் பழகியவர் 30 மீட்டர் ரன்வேக்குப் போகும் இரவில், சார்ட்டில் அகலத்தையும் சரிவையும் பார்த்து "இன்று என் கண் என்னை எந்தப் பக்கம் இழுக்கும்?" என்பதைப் பிரீஃபிங்கில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது. பத்து விநாடி வேலை.

விளக்கு அணைந்தால்

இரவில் மலை தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: பின்னால் இருக்கும் விளக்கை மறைப்பது. ரன்வேயின் இந்தப் பக்க விளக்குகள் சில நொடி காணாமல் போய்த் திரும்பினால், மறுமுனை விளக்குகள் மினுங்கினால், ஊர் விளக்குகளின் ஓர் ஓரம் வெட்டி எடுத்தது போல் கருத்தால், கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே ஏதோ திடப்பொருள் இருக்கிறது. மரமா மேகமா மேடா என்று ஆராய நேரமில்லை. இறங்குவதை உடனே நிறுத்தி ஏற வேண்டும். விளக்கு திரும்பத் தெரிவதற்காகக் காத்திருந்தபடி இறங்கிக்கொண்டிருப்பது மிக மோசமான தேர்வு. அணைந்தது மேகத்தால் என்றால்கூட, மேகம் வந்தபின் அது விஷுவல் அப்ரோச்சே இல்லை. எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான்.

மலைச்சரிவில் ஏறிப்போகும் தெருவிளக்கு வரிசையை அடிவானமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. இறக்கைகள் சமமாக இருக்கின்றனவா என்பதை வெளியே பார்த்து முடிவு செய்யாமல் ஏடிஐயைப் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) பார்த்து முடிவு செய்தால் அது தீர்ந்துவிடும்.

பாப்பி: நம்பலாம், எல்லை தெரிந்து

ரன்வேக்குப் பக்கத்தில், நம் இறங்கு கோணத்தைக் காட்டும் நான்கு விளக்கு வரிசைதான் பாப்பி. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் பாதையில் இருக்கிறோம். 3 டிகிரிக்கு அமைத்த பாப்பியில் நான்கு விளக்குகளும் நிறம் மாறும் கோணங்கள் வழக்கமாக 2 டிகிரி 30 நிமிடம், 2-50, 3-10, 3-30. நான்கும் சிவப்பு என்றால் இரண்டரை டிகிரிக்குக் கீழே என்று பொருள். மேலே போட்ட வளைவில் 8 மைலிலேயே கோணம் இரண்டரையைத் தொட்டுவிடுகிறது, 5 மைலில் 1.7 டிகிரிதான். அதாவது நாலு சிவப்பு வெகுநேரம் எரிந்துகொண்டே இருக்கும். கண் அதற்குப் போக வேண்டும், போனால் அதை நம்ப வேண்டும்.

2002 ஜூலை 26 விடியற்காலை 5:37-க்கு டாலஹாஸியில் நடந்ததை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஃபெடெக்ஸ் 1478, போயிங் 727 சரக்கு விமானம், ரன்வே 9-க்கு இரவு விஷுவல் அப்ரோச். அந்தப் பக்கம் முழுக்கக் காட்டுநிலம், விளக்கே இல்லாத இருட்டு. ரன்வேக்கு 3,650 அடி முன்னால் மரங்களில் மோதியது. காக்பிட்டில் இருந்த மூன்று பேரும் பலத்த காயத்தோடு தப்பினார்கள். பாப்பி எரிந்துகொண்டுதான் இருந்தது. கடைசிக் கட்டத்தில் நான்கும் சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானிக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருந்தது, சிவப்பையும் வெள்ளையையும் பிரித்தறிவது அவருக்குச் சிரமமாக இருந்திருக்கும் என்பது தெரியவந்தது. சோர்வும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் மற்ற இரண்டு பேருக்கும் நாலு சிவப்பு கண்ணெதிரே இருந்தது. அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் கனமான பகுதி. ஆகவே பாப்பியை ஒரு காட்சியாக மட்டும் விடாமல் வார்த்தையாக்கிவிட வேண்டும். ஓட்டாத விமானி, பாப்பி தெரிய ஆரம்பித்ததும் "இரண்டு, இரண்டு" என்றோ "மூன்று சிவப்பு" என்றோ சொல்ல வேண்டும். நாலு சிவப்பு என்றால் இறக்கத்தை நிறுத்தி மட்டமாகப் பறந்து பாதையைப் பிடிக்க வேண்டும். 500 அடிக்குக் கீழே நாலு சிவப்பு என்றால் திருத்த முயலாமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவது.

பாப்பிக்கு எல்லை உண்டு. இரவில் அது 20 மைல் வரை தெரியலாம், ஆனால் தெரிகிற தூரமெல்லாம் பாதுகாப்பான தூரம் அல்ல. அமெரிக்க வழிகாட்டலின்படி, தடைகளிலிருந்து விலக்கம் வழக்கமாக உறுதி செய்யப்படுவது ரன்வே மையக்கோட்டின் நீட்சிக்கு இருபுறமும் 10 டிகிரிக்குள், த்ரெஷோல்டிலிருந்து சுமார் 3.4 மைல் வரைதான். பேஸ் லெக்கில் (ஃபைனலுக்குத் திரும்பும் முன் குறுக்காகப் பறக்கும் பகுதி) இருந்துகொண்டு பக்கவாட்டில் பாப்பியைப் பார்த்து இறங்கினால், அந்தச் சிவப்பு வெள்ளைக்குப் பின்னால் எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னொன்று: லென்ஸில் பனித்துளி படிந்திருந்தால், முக்கியமாக விளக்கை அப்போதுதான் போட்டிருந்தால், சிவப்பும் வெள்ளையும் கலங்கித் தெரியும். விடியற்காலையில் ஆளில்லாத சின்ன விமானநிலையங்களில் இதை எதிர்பார்க்கலாம்.

எண்கள் முன்னே, கண் பின்னே

செயல்முறைக்கு வருவோம். இரவில் விஷுவல் அப்ரோச் என்றாலும், அந்த ரன்வேக்கு என்ன கருவி அப்ரோச் இருக்கிறதோ அதை எஃப்எம்எஸ்ஸில் (விமானத்தின் வழிகாட்டும் கணினி) ஏற்றி, ஐஎல்எஸ் (ரன்வேக்கு ரேடியோவால் வழிகாட்டும் அமைப்பு) என்றால் அலைவரிசை போட்டு அடையாளத்தைக் கேட்டு உறுதி செய்து, அதன் மேலேயே பறப்பது என் உறுதியான பரிந்துரை. கிளைடு ஸ்லோப் இல்லாத ரன்வே என்றால் ஆர்என்பி (செயற்கைக்கோள் வழிகாட்டும்) அப்ரோச்சின் செங்குத்துப் பாதை. அதுவும் இல்லை என்றால் ரன்வேயிலிருந்து மையக்கோட்டை நீட்டி 3 டிகிரி பாதையை நாமே கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாதை எந்தத் தடையையும் தாண்டுவதற்காக யாரும் வரைந்தது அல்ல என்பதை மறக்கக் கூடாது. கணினி 3 டிகிரி கோடு போட்டுத் தரும், நடுவில் மேடு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதைச் சார்ட்டில் நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து உயரக் கணக்கு. ஒரு மைலுக்கு 318 அடி என்பது துல்லியமான 3 டிகிரி. மனக்கணக்குக்கு 300 போதும். அதோடு த்ரெஷோல்டின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். த்ரெஷோல்டு 1,500 அடியில் இருந்தால் ஆல்டிமீட்டரில் 10 மைலில் 4,500, 5 மைலில் 3,000, 3 மைலில் 2,400. இவற்றுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு சறுக்கும். ஒன்று, விமானநிலைய உயரத்தை எடுத்துக்கொள்வது. சரிவான ரன்வேயில் த்ரெஷோல்டின் உயரம் அதிலிருந்து நூறடி வேறுபடலாம். மற்றது, டிஎம்இ (தூரம் காட்டும் ரேடியோ நிலையம்) எங்கே இருக்கிறது என்பது. 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் கொரியன் ஏர் 801 நிமிட்ஸ் குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். கிளைடு ஸ்லோப் பழுதில் இருந்தது, விஷுவல் அப்ரோச்சாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு கேப்டன் பிரீஃப் செய்திருந்தார். அங்கே விஓஆரும் (திசை காட்டும் ரேடியோ நிலையம்) டிஎம்இயும் விமானநிலையத்தில் இல்லை, ரன்வேக்கு 3.3 மைல் முன்னால் அதே குன்றின் மேல் இருந்தன. டிஎம்இ காட்டும் எண் ரன்வேக்கான தூரம்தானா என்பதைச் சார்ட்டில் உறுதி செய்யாமல் மூன்றால் பெருக்கக் கூடாது. எஃப்எம்எஸ்ஸில் த்ரெஷோல்டு வேபாயின்ட்டுக்கான தூரத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஓட்டாத விமானி 10, 8, 5, 3 மைல்களில் தூரத்தையும் உயரத்தையும் சேர்த்துச் சொல்லி, "100 மேலே", "200 கீழே" என்று வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். 5 மைலில் 200 அடி கீழே இருந்தால் மட்டமாகப் பறந்து பாதையைச் சந்திப்பது எளிது. அதே தவறு 2 மைலில் தெரியவந்தால் கோ-அரவுண்டைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

காலடி நிலத்துக்கு மேலே இருக்கும் உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் ஒரு தனிச் சாட்சி, க்யூஎன்எச்சோடு (சாதாரண ஆல்டிமீட்டரில் திருப்பி வைக்கும் காற்றழுத்த எண்) அதற்குச் சம்பந்தமே இல்லை. தட்டையான நிலத்தில் 3 டிகிரி பாதையில் வந்தால் ஏறத்தாழ 8 மைலில் 2,500 அடி அழைப்பு வரும். 14 மைலில், ரன்வேக்கு 4,500 அடி மேலே இருக்கும்போதே அது உயிர்பெற்றால், காலடியில் 2,000 அடி மேடு இருக்கிறது என்று பொருள். அந்த மேடு சார்ட்டில் எதிர்பார்த்ததுதானா என்று கேட்டுக்கொள்ளாமல் மேற்கொண்டு இறங்கக் கூடாது. இந்த அழைப்பை வெறும் ஒலியாகக் கடந்துபோகாமல் இரண்டு பேரும் வாயால் பதில் சொல்லும் பழக்கம் இருந்தால் நிறையக் காப்பாற்றும்.

பிறகு எப்போது எம்எஸ்ஏவை (குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம்) விட்டு இறங்கலாம்? எம்எஸ்ஏ 25 மைலுக்குள் இருக்கும் உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி தருகிறது. அதற்கும் ஃபைனலுக்கும் நடுவே இருக்கும் இருட்டில்தான் மலைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய விதியின் தர்க்கம் எனக்குப் பிடிக்கும்: இரவில் விஷுவல் அப்ரோச் என்றாலும், குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தை விட்டு இறங்கும் முன், ரன்வேயோடு நேர்கோட்டில் வந்து, 5 மைலுக்குள், பாப்பியின் பாதைக்குக் கீழே போகாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறியிருக்க வேண்டும். சொந்த நாட்டு விதி இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், மலை சூழ்ந்த இடத்துக்குப் போகிறவர்கள் இதையே தங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். குறுக்கு வழியாக பேஸ் லெக் வாங்கி 4 மைலில் ஃபைனலில் திரும்புவது இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தும். அந்தத் திருப்பத்தில் ஓட்டுபவரின் தலை பக்கவாட்டில், விமானம் சாய்ந்து, இறங்கியபடி, பாப்பி எல்லைக்கு வெளியே. இரவில் 8 மைலுக்குக் குறையாத ஃபைனல் கேளுங்கள்.

திரையில் இருக்கும் கருப்பு

ஒரு நேவிகேஷன் திரையிலாவது டெரெய்ன் காட்சி (சுற்றியுள்ள நிலத்தின் உயரம்) போட்டு வைக்க வேண்டும், மழை இருந்தால் மற்றதில் வானிலை ரேடார். பரவலாகப் புழங்கும் ஈஜிபிடபிள்யூஎஸ்ஸில் (தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி) நிறங்கள் விமானத்தின் உயரத்தை ஒட்டியவை. நம்மைவிட 2,000 அடிக்கு மேல் உயர்ந்த நிலம் அடர்த்தியான சிவப்பு. மஞ்சள் நமக்கு 500 அடி கீழிருந்தே தொடங்கும். லேண்டிங் கியர் இறக்கியதும் அது 250 ஆகும். ஆகவே கியர் இறக்கியவுடன் மஞ்சள் சுருங்கினால் நிலம் விலகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மாறியது அளவுகோல்.

அதைவிட முக்கியமான ஒன்று: அருகில் இருக்கும் ரன்வேயின் உயரத்திலிருந்து 400 அடிக்குள் இருக்கும் நிலத்தை அந்தத் திரை பெரும்பாலும் காட்டாது, திரை முழுக்க நிறமாகிவிடக் கூடாது என்பதற்காக. ரன்வேக்கு 3 மைல் முன்னால் இருக்கும் 350 அடிக் குன்று கருப்பாகவே இருக்கும். மேலே சொன்ன வளைவில் விமானி 380 அடியில் வந்துசேரும் இடமும் அதுவே. கருப்பு என்றால் சமவெளி என்று படிக்கக் கூடாது.

எச்சரிக்கைக் குரலுக்கும் இடைவெளிகள் உண்டு. முன்னோக்கிப் பார்க்கும் எச்சரிக்கை, மோதலுக்குச் சுமார் 60 விநாடி முன்னால் "காஷன் டெரெய்ன்", 30 விநாடி வாக்கில் "புல் அப்" என்ற ஒழுங்கில் வரும். ரன்வேயைச் சுற்றி அந்தக் கருவி ஒரு கற்பனைத் தளத்தை வைத்திருக்கிறது. 15 மைலுக்கு அப்பால் 700 அடி, 12 மைல் வாக்கில் 400 அடி, ரன்வேயை நெருங்க நெருங்க அது தாழ்ந்து இல்லாமலே போகும். அதைத் துளைத்தால் "டூ லோ டெரெய்ன்". 5 மைலில் 910 அடியில் போகும் விமானம், அங்கே தட்டை நிலமென்றால், இந்தத் தளத்துக்கு மேலேதான் இருக்கிறது. 680 அடி தாழ்ந்தும் குரல் வராது. மௌனத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். டேட்டாபேஸ் பழையதாக இருந்தாலோ, ஜிபிஎஸ் நேரடியாக இணைக்கப்படாமல் இருந்தாலோ இன்னும் தாமதம்.

ஆல்டிமீட்டர்

எல்லாக் கணக்கும் நிற்பது இதன் மேல்தான். க்யூஎன்எச்சில் 1 ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 28 அடி. 1001 என்பதை 1011 என்று வாங்கினால் காட்டும் உயரத்தைவிட 280 அடி தாழ்ந்து பறப்போம். 2022 மே மாதம் பாரிஸில் ஒரு ஏ320 விமானம் சரியாக இந்த 10 ஹெக்டோபாஸ்கல் தவறோடு, பாதை காட்டும் கருவி எல்லாம் சரி என்று சொல்லச் சொல்ல, ரன்வேக்கு வெளியே தரைக்கு 6 அடி வரை வந்துவிட்டு மேலேறியது. க்யூஎன்எச்சை ஏடிஐஎஸ்ஸோடும் (விமானநிலையத்தின் தானியங்கித் தகவல் ஒலிபரப்பு) கட்டுப்பாட்டாளர் சொன்னதோடும் ஒப்பிட்டு, இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் திருப்ப வேண்டும்.

குளிர் இன்னொரு திருட்டு. வெப்பநிலை ஐஎஸ்ஏவைவிட (கணக்குக்காக வகுத்த நிலையான வளிமண்டலம்) ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் குறையும்போதும், க்யூஎன்எச் தந்த இடத்துக்கு மேலே இருக்கும் உயரத்தில் சுமார் 4 சதவீதம் காணாமல் போகும். கடல்மட்ட விமானநிலையத்தில் மைனஸ் 30 என்றால் ஐஎஸ்ஏவைவிட 45 டிகிரி குறைவு, ஏறத்தாழ 18 சதவீதம். ஆல்டிமீட்டர் 1,500 அடி காட்டும்போது உண்மையில் இருப்பது 1,230. தெளிந்த வானம், கடுங்குளிர், இரவு மூன்றும் சேர்ந்தே வருபவை. விஷுவல் அப்ரோச் ஆசை காட்டும் இரவும் அதுதான். எம்எஸ்ஏவுக்கும் மேலே சொன்ன தூர-உயரச் சோதனைக்கும் குளிர்த் திருத்தம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குரல் வந்துவிட்டால்

பகலில், நிலம் தெளிவாகத் தெரியும்போது, டெரெய்ன் எச்சரிக்கையை மதிப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. இரவில் கிடையாது. "ரன்வே தெரிகிறதே" என்பது மதிப்பீடு ஆகாது. "புல் அப்" வந்ததும் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, முழு உந்துவிசை, இறக்கைகளைச் சமப்படுத்தி, மூக்கைத் தூக்க வேண்டும். போயிங்கில் முதலில் 20 டிகிரி வரை, தேவைப்பட்டால் இன்னும் மேலே, ஸ்டிக் ஷேக்கரை (வேகம் ஆபத்தாகக் குறைந்தால் கட்டுப்பாட்டுக் கோலை நடுக்கும் எச்சரிக்கை) மதித்து. ஏர்பஸ்ஸில் முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பீடுபிரேக் (வேகம் குறைக்க இறக்கை மேல் விரியும் தகடு) உள்ளே போயிற்றா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கியரையும் ஃபிளாப்பையும் தொடக் கூடாது, நிலம் விலகியது உறுதியாகும்வரை.

ஸ்பீடுபிரேக்கைத் தனியாகச் சொல்லக் காரணம் 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757, தெளிந்த இரவு வானத்தில் ஒரு பள்ளத்தாக்குக்குள் வழிதவறி மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் விமானிகள் தாமதிக்காமல் இழுத்தார்கள், உந்துவிசையும் கொடுத்தார்கள். இறங்குவதற்காக விரித்திருந்த ஸ்பீடுபிரேக் விரிந்தபடியே இருந்தது. மலையின் உச்சிக்கு அருகில்தான் மோதினார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க ரேடியோவில் ஒரு வாக்கியம் போதும். "ஃபீல்டு தெரிகிறதா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் "தெரிகிறது" என்பதாகவே இருக்கலாம், அதனால் விஷுவல் அப்ரோச்சை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிவது நாம் போக வேண்டிய விமானநிலையம்தானா என்பதும் தனிக் கேள்வி. 2013 நவம்பரில் விச்சிட்டாவில் ஒரு 747 டிரீம்லிஃப்டரும், 2014 ஜனவரியில் பிரான்சன் அருகே ஒரு 737-உம் இரவில் பக்கத்து ஊர்ச் சின்ன ரன்வேயில் இறங்கின. ரன்வே தெரிந்தபின்னும் "ஐஎல்எஸ் அப்ரோச் வேண்டும்" என்று கேட்கலாம், "10 மைல் ஃபைனல் வரை வெக்டர் வேண்டும்" என்று கேட்கலாம். ஏற்கெனவே விஷுவல் கொடுத்துவிட்டிருந்தாலும், எம்எஸ்ஏவிலேயே நின்று "விஷுவல் தொடர முடியாது" என்று சொல்லலாம். வரிசையில் பின்னால் வரும் விமானத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமாகும். கட்டுப்பாட்டாளர் வெக்டர் கொடுப்பார்.